பச்சைச் சட்டைக்காரியை வாசல்ல நிப்பாட்டின ஆக்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். எங்கட பிள்ளையள் போட்ட ஷேக்ஸ்பியரின்ர மெக்பெத் நாடகம் முடிஞ்சதில இருந்து போன் எடுக்கிற ஆக்கள் முக்கால்வாசிப்பேர் மண்டப வாசல்ல நிண்ட, பலகையில கீறின அந்தப் பச்சைச் சட்டைக்காரியின்ர படத்தைப் பற்றித்தான் கேக்கிறீங்கள், நடிச்சதுகளை ஒருத்தரும் கேக்கேல்ல 😀 அதால நன்றியோட அந்தக் கதையையும் சேர்த்தே சொல்லிப்போடுறன்.

அவா எலன் ரெறி, இங்கிலாந்து நாடக நடிகை. 1888 டிசம்பர்ல லண்டன் லைசியம் தியேட்டர்ல ஹென்றி இர்விங் எண்ட நடிகரோட மெக்பெத்தில, மெக்பெத்தின்ர மனிசி லேடி மெக்பெத்தா நடிச்சவா. முதல்நாளே போய்ப் பார்த்த ஜோன் சிங்கர் சார்ஜன்ற் எண்ட ஓவியர் அவாவை வரைஞ்சே தீரவேணுமெண்டு நிண்டு அடுத்த வருசம் வரைஞ்ச படம், ஒறிஜினல் லண்டன் டேற் கலரியில இருக்கு. கிரீடத்தை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா எல்லோ, அப்பிடி ஒரு கட்டம் அவை போட்ட நாடகத்திலயே இல்லை, சார்ஜன்ற் தானா யோசிச்சு வச்சது. என்னைக் கேட்டா லேடி மெக்பெத்தின்ர ஆசை முழுக்க அந்த ரெண்டு கையிலதான் கிடக்கு, அந்த வேசம் போட்ட எங்கட பிள்ளைக்கு நான் மாசக்கணக்கா வாயால சொல்லி விளங்காதது படத்தைப் பார்த்த உடன விளங்கிட்டுது.

சட்டையில மினுங்கிறது பொன்வண்டுச் செட்டை, உண்மையாவே. சின்னனில நெருப்புப்பெட்டிக்குள்ள இலை போட்டு வளர்த்தமே, அந்தச் சாதி வண்டு. ஆயிரமளவு செட்டை வச்சுத் தைச்சது. அலிஸ் கொமின்ஸ் கார் டிசைன் பண்ண அடா நெற்றில்ஷிப் தைச்சுக் குடுத்தவா, சட்டை இப்பவும் இங்கிலாந்தில கென்ற் எண்ட இடத்தில எலன் ரெறி இருந்த வீட்டில கிடக்கு.

சரி, இனி எங்கட ஆக்கள். வாசல்ல வச்ச படத்தை ஒறிஜினலைப் பார்த்துக் கீறினது கடைகளுக்குப் போர்ட் எழுதுற அண்ணை, பெயர் போடவேண்டாமெண்டு கண்டிப்பாச் சொல்லிட்டார். ஒறிஜினல் ஏழடி மூண்டு அங்குல உயரம், மூண்டடி ஒன்பது அங்குல அகலம், எட்டுக்கு நாலு பிளைவூட் ஒண்டில அப்பிடியே அடங்குமெண்டு முதல்ல கண்டுபிடிச்சதும் அவர்தான். போர்ட் எழுதுற இனாமல் பெயின்ற்லயே கீறினவர், அந்தப் பளபளப்பு சட்டைக்கு எண்டே செய்தமாதிரி வந்திட்டுது. பிளைவூட்டைக் காசு வாங்காமத் தந்த ஹார்ட்வெயார் ஐயாவுக்கும் பெரிய நன்றி. நடிச்ச பிள்ளைக்குச் சட்டை தைச்ச மட்டிக்களி அக்கா, பச்சை சோடாப் போத்தலை இராவிராவாச் செட்டை மாதிரி வெட்டித் தந்த அம்மாமார், உங்கட கைக் கொப்புளம் எல்லாம் ஆறிட்டுதோ? உப்புவெளியில இருந்து டவுனுக்கு லாண்ட்மாஸ்டர்ல படத்தைக் கொண்டுவந்த தம்பியவைக்கு என்ன சொல்லுறதெண்டே தெரியேல்ல, கச்சான் காத்து பலகையை ஆளோட தூக்கப் பார்த்தது, பத்தாததுக்கு ரோட்டில மான்கூட்டம் வேற நிண்டு மறிச்சது.

படம் இப்ப எங்கட ஒத்திகை அறையில இருக்கு. பார்க்க விருப்பமான ஆக்கள் பின்னேரம் நாலுமணிக்குப் பிறகு வாங்கோ. சட்டையைப் போட்டு போட்டோ எடுக்க மட்டும் கேக்காதேங்கோ, அக்கா என்னைக் கொண்டுபோடுவா.