சாட்டைக்கு முன் கயிறு

ஆசிரியருக்கு வணக்கம்.

கோயில் கொடையையொட்டி நெல்லைச் சீமையில் நடக்கும் குதிரை வண்டிப் பந்தயங்களில் சாட்டைக்குக் கிடைக்கிற மரியாதை கயிற்றுக்குக் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் டாம் டோரன்ஸ், ரே ஹன்ட் ஆகிய குதிரைப் பயிற்சியாளர்கள் பரப்பிய பழக்கும் முறை எளிது. கயிற்றை லேசாக இறுக்க வேண்டும். குதிரை ஓரடி இசைந்த நொடியே தளர்த்திவிட வேண்டும். அது கற்பது இழுப்பால் அல்ல, தளர்வால். தாமதித்தால் எதற்காக விட்டோம் என்றே அதற்குப் புரியாது. திமிறும்போது பயந்து கயிற்றை விட்டால் திமிறத்தான் பழகும்.

வாலுக்கு நேர் பின்னால் நிற்பவர் குதிரைக்குத் தெரியாது. வண்டிக் குதிரைக்குப் பக்கப் பார்வையை மறைக்கும் கண்பட்டை வேறு. ஆகவே குரல் கொடுத்தபடி தோள்பக்கமாக நெருங்குங்கள். காதுகள் பிடரியோடு படிந்தால் விலகிவிடுங்கள். திடீரென முரண்டு பிடித்தால் பல், குளம்பு, சேணம் உரசும் இடம் மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். வலியைப் பிடிவாதம் என்று அடிப்பது நம்மூர் வழக்கமாகிவிட்டது!

இதைத் தொழிலாகக் கற்க நினைக்கும் இளைஞர்கள் ஆடியில் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போய், விலை கேட்காமல் காதுகளையும் கால்களையும் ஒரு நாள் முழுக்கக் கவனிக்கலாம். நெல்லையை அடுத்த இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி வண்டிக்காரர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடத்தினால் நல்லது.

— குதிரை பழக்குவோர் சிலர், பாளையங்கோட்டை