குணாவுக்கு, பினாங்கிலிருந்து

குணா,

அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? சின்னவளுக்கு எஸ்பிஎம் பரீட்சை முடிந்ததா? நான் நலம், வயிறு மட்டும் நாசி கண்டார் சோற்றால் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கலைஞர்களை ஊர் ஊராகத் தங்கவைக்கிற அந்த ரெசிடென்சி கிடைத்துவிட்டது. "உறுமிக்காரனை எவன்டா கூப்பிடுவான்" என்று நீயும் ரவியும் சிரித்தீர்களே, அதேதான். பினாங்கில் தொடங்கி, கிளந்தான் போய், எல்லை தாண்டித் தென் தாய்லாந்தில் தங்கி, கடைசியில் கோலாலம்பூர், நம் கேஎல். பஸ், சாப்பாடு, படுக்கை, கைச்செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒருவர் கலையை ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். புதிதாக எதையும் செய்து முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லையாம். வேலையை முடிக்காமல் இருப்பதற்குச் சம்பளம் என்று தெரிந்திருந்தால் ரவி எனக்கு முன்னால் வரிசையில் நின்றிருப்பான்.

கூட்டத்தைச் சொல்கிறேன். கிளந்தானிலிருந்து மக் யோங் என்கிற பழைய மலாய் ஆட்ட நாடகம் ஆடும் ஒரு அக்கா. தென் தாய்லாந்தின் நோரா ஆட்டம் ஆடும் ஒரு பையன். மணி கோத்த சட்டையும் நீள நீளமான வளைந்த நகங்களும் மாட்டிக்கொண்டு நின்றான் என்றால் கண்ணை எடுக்க முடியாது. சரவாக்கிலிருந்து சாப்பே என்கிற தந்தி வாத்தியம் வாசிக்கிறவன். தியோச்சூ சீனர்களின் பொம்மலாட்டம் கற்கும் பினாங்குப் பெண். அப்புறம் நான். ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் வைத்திருக்கிறார்கள். பலகைத் தரை, நடந்தாலே ஊருக்குத் தெரியும்.

முதல் நாள் ஆளுக்கொரு கலர் தாள் கொடுத்து, நீ யார் என்று எழுதச் சொன்னார்கள். நான் "ஆறுமுகம் மகன், சுங்கை பட்டாணி" என்று எழுதினேன். ஒருங்கிணைக்கிற பெண் அதை வாங்கிச் சுவரில் 'இந்தியர்' பக்கம் ஒட்டினாள். பக்கத்தில் 'மலாய்' என்று போட்டு, அதற்குக் கீழே போரியா என்கிற பாட்டுக்கூத்து, பங்சாவான் என்கிற நாடகம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? போரியா மெட்ராஸ் படைச் சிப்பாய்களோடு முகர்ரம் மாதத்துக் கூத்தாக இங்கே வந்து இறங்கியது என்பார்கள். பங்சாவானோ, பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகத்தைப் பார்த்து இதே ஊரில் பிறந்தது. "அப்போ ரம்லி இப்ராஹிமை எந்தப் பக்கம் ஒட்டுவீர்கள்?" என்று கேட்டேன். 1983-ல் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கிய மலாய்க்காரர், ஒடிசி ஆடி 2018-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவள் நல்ல பெண்தான், கொஞ்சம் யோசித்துவிட்டு நடுவில் ஒரு வட்டம் போட்டாள். சாயங்காலத்துக்குள் எல்லாத் தாளும் அந்த வட்டத்துக்குள் போய், சுவர் பார்க்கவே குப்பையாகிவிட்டது.

இதெல்லாம் சும்மா. நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

கேஎல் மேடைக்கு என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்த ஒருங்கிணைக்கிற பெண் தைப்பூச வீடியோ ஒன்றைக் காட்டி, "இந்த அடி வேண்டும்" என்றாள். எது தெரியுமா? சாமி அழைக்கிற அடி. விளக்கை அணைத்துவிட்டு நான் நடுவில் உட்கார்ந்து அதை விடாமல் அடிக்க வேண்டுமாம், நோராப் பையன் என்னைச் சுற்றி ஆடுவானாம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

என்ன கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியட்டும் என்று உறுமியை எடுத்துத் தோளில் மாட்டினேன். வளைந்த குச்சியை இடப்பக்கத் தோலில் அழுத்தி ஒரே ஒரு இழுப்பு. நம் மாஸ்டர் சொல்வாரே, மாடு கன்றைத் தேடுவதுபோல என்று, அப்படி ஒரு முனகல். பலகைத் தரை வழியாக அது எல்லோர் காலுக்கும் போயிருக்க வேண்டும். பொம்மலாட்டப் பெண் கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். அவள் பாட்டி வருஷா வருஷம் தைப்பூசத்துக்குச் செட்டியார்களின் வெள்ளி ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும்போது ரோட்டில் கூடை கூடையாகத் தேங்காய் உடைக்கிறவளாம். "இந்தச் சத்தம் வந்தால் பாட்டி எங்களைப் பேசவிட மாட்டாள்" என்றாள். எதிர்வீட்டு ஹோட்டல்காரன் மட்டும் சத்தம் என்று புகார் சொல்ல ஆள் அனுப்பினான்.

அன்று ராத்திரி கோப்பி-ஓ குடிக்கப் போனபோது மக் யோங் அக்கா பேசினார். 2005-ல் யுனெஸ்கோ மக் யோங்கை உலகத்தின் அரிய கலை என்று அறிவித்தபோது, சொந்த ஊரான கிளந்தானில் அதற்குத் தடை. 2019-ல்தான் நிபந்தனைகளோடு விட்டார்கள். தடை இருந்த காலத்திலும் நோயாளிக்காக ராத்திரியில் வீட்டில் ஆடினார்களாம். மேடையில் ஆடும்போது ரெபாப் என்கிற வில் வாத்தியத்துக்கு நேராக உட்கார்ந்து பாடும் முதல் பாட்டை அவர் விடுவதே இல்லை. ஆனால் வீட்டில் பாடுகிற சில வரிகள் அதில் இருக்காதாம். ஏன் என்று கேட்டேன். "கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் தம்பி. வந்தவர்களை அனுப்பிவைக்கத் தெரிந்த ஆள் அந்த அரங்கத்தில் இருக்கிறாரா?" என்றார். நோராப் பையனும் தலையாட்டினான். அவன் ஊரிலும் முன்னோரை அழைக்கிற நோரா தனி, திருவிழாவில் ஆடுவது தனி.

நீ உடனே கேட்பாய், நாம் கல்யாணத்தில் அடிக்கவில்லையா, மால் திறப்புவிழாவில் அடிக்கவில்லையா என்று. அடித்தோம். கிள்ளான் கல்யாணத்தில் பெண்ணின் அத்தைக்குச் சாமி வந்துவிட, நீ கேட்டரிங்காரனிடம் எலுமிச்சம்பழம் கேட்டு ஓடியதையும், அவன் ஊறுகாயை நீட்டியதையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் அங்கே ஒரு பெரியவர் இருந்தார், திருநீறு இருந்தது, ஏன் வந்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

யாருக்காவது வந்துவிடும் என்பதுகூட என் பயமில்லை. யாருக்கும் ஒன்றும் வராமல், அழகாக முடிந்து, எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினால்? அடுத்த மாதம் முனீஸ்வரர் கோயிலில் அதே அடியை எடுக்கும்போது என் கைக்கு அந்தக் கைதட்டல் ஞாபகம் வந்தால்? அப்பா நாற்பது வருஷம் அடித்தார்டா. ஒரு தடவையாவது எவனாவது கைதட்டியிருப்பானா?

இன்னொரு பக்கம், அந்த ஒருங்கிணைக்கிற பெண்ணைத் திட்டவும் மனசு வரவில்லை. உறுமி என்றாலே குண்டர் கும்பல் என்று நம் ஆட்களே மூக்கைச் சுளிக்கிறபோது, பரதமும் வேண்டாம் வீணையும் வேண்டாம், இதுதான் வேண்டும் என்று தேடி வந்தவள் அவள். அவளிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வெறும் காவடி நடையை அடித்துவிட்டு வந்தால், அது பயந்தாங்கொள்ளித்தனமா என்றும் தோன்றுகிறது. ஊர்வல நடை, அதிலிருந்து சாப்பேயோடு ஒரு சவால், நடுவில் அந்த ஒற்றை இழுப்பு மட்டும், அதோடு நிறுத்திவிடலாம் என்று ஒரு யோசனை வைத்திருக்கிறேன். அவளுக்குப் பாதி சம்மதம்.

கடைசி மேடை கேஎல்லில் உங்கள் செந்தூலில்தான், பழைய ரயில் பட்டறைப் பக்கம் இருக்கிற அரங்கத்தில். உன் பம்பையைத் தூசி தட்டி வை, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வராதே. அதற்கு முன்னால் ஒரு காரியம் செய். அம்மாவிடம் நான் கேட்டதாகக் கேள். முப்பது வருஷமாகச் சாமி ஆடுகிறவர், அவருக்குத் தெரியாததா? அந்த அடியை மேடையில் எடுக்கலாமா, கூடாதா, எடுத்தால் எதுவரைக்கும். அவர் கூடாது என்றால் கூடாது. கிளந்தானின் கோத்தா பாருவுக்குப் பஸ் ஏறுவதற்குள் பதில் வேண்டும். கட்டைவிரல் படம் அனுப்பினாய் என்றால் செந்தூலுக்கு வந்து உதைப்பேன்.

செல்வம்