திங்கட்கிழமைச் சாப்பாட்டுப் பெட்டி

அன்புள்ள பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

ஞாயிற்றுக்கிழமை எந்தெந்த வீட்டில் கோழிச் சோறு சமைத்தார்கள் என்பது திங்கள் இடைவேளையில் வாசத்திலேயே தெரிந்துவிடும். அது பிள்ளைகளுக்கு நல்லதா, கூடாதா என்று கடந்த பெற்றோர் கூட்டத்தில் வாக்குவாதமே நடந்தது. ஆகவே தரம் 10 மனைப்பொருளியல் மாணவர்களிடம் ஒரு பானைச் சோற்றைக் கணக்குப் பார்க்கச் சொன்னோம்.

அவர்கள் எடுத்த அளவு ஆறு பேருக்கானது: வெள்ளைப் பச்சையரிசி 500 கிராம், தோலும் எலும்பும் நீக்கிய கோழி இறைச்சி 600 கிராம், தேங்காய் முதற்பால் 200 மில்லிலீற்றர், எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, வெங்காயம், உப்பு இரண்டு தேக்கரண்டி, சூப் கட்டி இரண்டு. ஆளுக்கு ஏறத்தாழ 570 கிலோகலோரி, புரதம் 27 கிராம், கொழுப்பு 19 கிராம் வந்தது. வளரும் பிள்ளைக்கு அந்தப் புரதம் அருமையானது. கடையில் வாங்கும் றோல்ஸ், பற்றீஸில் அது கிடைக்காது. ஆகவே கோழிச் சோற்றை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. நார்ச்சத்து ஆளுக்கு 2 கிராமளவுதான். உப்போ மூன்றரை கிராம். வளர்ந்தவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் நிற்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சின்னப் பிள்ளைக்கு அதிலும் குறைவு. சூப் கட்டியின் எடையில் பாதியளவு உப்பு. அதை விட்டுவிட்டு இஞ்சி, உள்ளி, கறுவா, றம்பையைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள், ருசி குறையாது. கோழியைத் தோலோடு போட்டால் கொழுப்பு ஆளுக்கு இன்னும் 10 கிராமளவு ஏறும். முதற்பாலைப் பாதியாக்கி, மிச்சத்துக்கு இரண்டாம் பாலில் அரிசியை அவியவிடலாம். கரட்டும் போஞ்சியும் அதே பானைக்குள் போகட்டும். பக்கத்தில் வல்லாரைச் சம்பலோ முருங்கையிலை வறையோ ஒரு கரண்டி வையுங்கள். சம்பலுக்குத் தேசிக்காய் பிழிந்தால் இலையிலுள்ள இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் கொடுத்தால் அது குறையும். (இது எங்கள் ஆசிரியர் அறைக்கும் பொருந்தும்!)

சத்துக் கணக்கைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஞாயிறு மத்தியானம் சமைத்த சோறு இரவு வரை அடுப்பங்கரையில் இருந்துவிட்டுத் திங்கள் காலை பெட்டிக்குள் வரக்கூடாது. வெதுவெதுப்பான சோற்றில் பசில்லசு சீரியசு என்ற பற்றீரியா பெருகி நச்சை விடும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. யாழ்ப்பாணத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாப்பிட்டு முடிந்ததும் மிச்சத்தை அகலமான தட்டில் பரவி ஆறவிட்டு, உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அந்த வசதி இல்லையென்றால் திங்களன்று புட்டோ பாணோ போதும், கூட ஒரு அவித்த முட்டை. மச்சம் சாப்பிடாத வீடுகளில் அவித்த கடலையோ பயறோ.

எந்தப் பிள்ளையின் பெட்டியையும் ஆசிரியர்கள் திறந்து பார்த்துக் கேள்வி கேட்கமாட்டார்கள். மாணவர்கள் அடுத்ததாகப் புட்டையும் மீன் குழம்பையும் கணக்குப் பார்க்க இருக்கிறார்கள். உங்கள் வீட்டு அளவுகளை ஒரு தாளில் எழுதி வெள்ளிக்கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அதிபர்