கட்டம் போட்ட கைகளுக்கும் அட்டை வெட்டிய கைகளுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

நூலகக் கோடை முகாமில் பிள்ளைகள் மாதிரிப் படத்தைக் கட்டம் கட்டமாகப் பார்த்துப் பெரிதாக வரையவும், படம் பொருத்தி விளையாடவும் கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல்.

முதலில் ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு. தாளுக்கேற்றபடி படத்தைச் சுருக்கும் அமைப்பை நிறுத்திவிட்டு 100 சதவீத அளவிலேயே அச்செடுத்துத் தந்தார். மாதிரிப் படத்தில் ஒரு கட்டம் 1 செ.மீ., வரையும் தாளில் 2 செ.மீ., இரண்டிலும் எட்டுக்கு எட்டு கட்டம் என்பது நம் கணக்கு. 2 செ.மீ. கட்டம் 1.9 ஆகச் சுருங்கினால், ஸ்கேல் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு எட்டாவது கட்டத்தில் 8 மி.மீ. உதைக்கும்.

சினிமா பேனர் வரைந்த ஐயாவுக்குக் கூடுதல் நன்றி. ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி அளந்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும்; அசைக்காமல் பிடித்து 0, 2, 4 என்று 16 வரை ஒரே மூச்சில் புள்ளி வைக்கச் சொன்னார். பூச்சியம் ஸ்கேலின் விளிம்பில் இல்லை, கொஞ்சம் உள்ளே இருக்கிறது என்பதையும் ஒவ்வொரு பிள்ளையிடமும் சலிக்காமல் காட்டினார்.

நெடுக்கு வரிசைகளுக்கு அ முதல் ஏ வரை எட்டு எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண் எழுதியவர்களால்தான் வரிசை தாவும் தவறு குறைந்தது. கட்டத்தை அழுத்திப் போடாமல் 2எச் என்ற கடின முனைப் பென்சிலில் மெல்லப் போட்டதால் அழித்த பிறகு தடம் தெரியவில்லை.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில், ஒரு கட்டம் மட்டும் தெரியும்படி 1 செ.மீ. சன்னல் வெட்டிக்கொடுத்த அக்காமாரே, அதுதான் முகாமின் உயிர். முழுப் படமும் தெரிந்தால் பிள்ளை தாளிலுள்ள கிளியை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்த கிளியை வரைந்துவிடும். சன்னல் வழியே பார்த்தால் கோடு எந்தப் பக்கம், அந்தப் பக்கத்தின் பாதியிலா கால்வாசியிலா நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பது மட்டுமே தெரியும். வெறும் மூலையில் தொடங்காமல் அலகு உள்ள கட்டத்தில் தொடங்கவைத்ததும் நல்ல யோசனை. (சிக்குக் கோலம் பழகிய பிள்ளைகள் கட்டமுனையைப் புள்ளியென்று நினைத்துச் சுற்றிவந்தார்கள். அதைத் தவறென்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.)

கவிழ்த்த அட்டைகளில் ஒரே படமுள்ள ஜோடியைத் தேடும் படப் பொருத்தத்தில் சிறியவர்களுக்கு 6 ஜோடி, பெரியவர்களுக்கு 10 ஜோடி. சாதாரணத் தாளில் அச்சிட்டால் பின்பக்கம் படம் தெரிந்துவிடும் என்று தடித்த அட்டையில் ஒட்டித் தந்தீர்கள். பளபளக்கும் லேமினேஷனில் டியூப்லைட் வெளிச்சம் பட்டுக் கண் கூசும், அதைத் தவிர்த்தீர்கள். சிவப்பு, பச்சை பிரித்தறியச் சிரமப்படும் பிள்ளையும் இருக்கலாம் என்பதால் ஜோடிகளின் வேறுபாட்டை நிறத்தில் மட்டும் வைக்காமல் வடிவத்திலும் வைத்தீர்கள். கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறிய படங்களை முதல் நாளே கொடுத்ததுதான் அவசரப்பட்ட வேலை. அதை மூன்றாம் நாளுக்குத் தள்ளியிருக்கலாம்.

விடை சொல்லாமலும், பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காமலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெற்றோருக்கும் நன்றி. அது கடினமான வேலை.

பெட்டியில் ஆமை அட்டை ஒன்றும் சன்னல் அட்டை இரண்டும் குறைகின்றன. பிள்ளைகளின் பையில் இருந்தால் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முகாம் பொறுப்பாளர்கள்