பேயை இருக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் திகில் சிறப்பிதழைப் படித்ததில் ஒரு மனக்குறை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடிவதற்கு முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிடுவோம். அந்த வெளிச்சத்தில் ஒரு மரமும் ஒரு சிரட்டையும் தெரியும், அவ்வளவுதான். ஆகவே பேய்க்கதை பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

முதல் கதையை ஆசையாகத்தான் தொடங்கினேன். பாழடைந்த வீடு, கிணற்றடியில் வெள்ளைச் சேலை, எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் பார்த்தால், வீட்டை அடிமாட்டு விலைக்கு அமுக்க நினைத்த சித்தப்பாதான் ஆள் வைத்து அந்தச் சேலையை நடக்க விட்டிருக்கிறார். அத்தனை நேரம் பயந்தவன் கையில் கிரையப் பத்திரத்தைத் திணித்ததுபோல் ஆகிவிட்டது.

நாங்கள் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டாக நீலி கதை கேட்டு வளர்ந்தவர்கள். முப்பந்தல் இசக்கியம்மனோடு சேர்த்தும் அதைச் சொல்வார்கள். ஒரு கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு வணிகனைக் காட்டி 'இவன்தான் என் புருஷன்' என்று பழையனூர்ச் சபையில் நின்று அழுகிறாள் நீலி. அவள் பேய் என்று அவன் கதறுகிறான். எழுபது வேளாளர்களும் அவள் கண்ணீரைத்தான் நம்புகிறார்கள். அவனுடைய காவலுக்கு இருந்த ஒரே கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே அறைக்குள் அனுப்புகிறார்கள். அவள் பேய் என்பது கேட்கிற நமக்கு முதலிலேயே தெரியும், சபைக்குத்தான் தெரியாது. அந்தக் கத்தி கைமாறுகிற இடத்தில் எனக்கு இன்றும் அடிவயிறு கலங்கும். கடைசியில் நீலி யாரோ வேஷம் போட்ட சித்தப்பா என்று புலவர் பாடியிருந்தால், வில்லைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள்.

துப்பறியும் கதை இதற்கு நேர்மாறு. அங்கே கடைசிவரை எனக்குத் தெரியக்கூடாது. ஆனால் துப்பறிகிறவர் பார்த்ததையெல்லாம் நானும் பார்த்திருக்க வேண்டும். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கப் பாதிரியார் 1929-இல் இதற்கென்றே பத்துக் கட்டளைகள் போட்டார். (பாவசங்கீர்த்தனம் என்று பிறருடைய பாவ அறிக்கையைக் கேட்கிறவருக்குக் குற்றம் பற்றித் தெரியாமலா இருக்கும்?) குற்றவாளி தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், பேய் பிசாசு கூடாது, ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்று போகும் அந்தப் பட்டியல்.

அதிலும் எனக்குப் பிடித்தது ஒரு கிளைதான். ஒரே வீடு, ஏழெட்டுப் பேர், வெளியே மழை, உள்ளே பிணம். அறை உள்பக்கம் தாழிட்டிருந்தால் இன்னும் விசேஷம். 1841-இல் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ துப்பறியும் கதைக்குப் பிள்ளையார் சுழி போட்டதே அப்படியொரு பூட்டிய அறையில்தான். துரத்தலும் துப்பாக்கியுமான கதைகள் படிக்கும்போது ஓடும், மூடினால் ஒன்றும் நிற்காது. கிறுக்குப் பிடித்தவன் வரிசையாகக் கொல்கிற கதைகளைத் தொடுவதையே விட்டுவிட்டேன். காரணமே வேண்டாம் என்றால் நான் எதை யோசிப்பது? சரித்திரக் கதை என்றாலே குதிரை சோழ நாட்டுக்குப் போய்விடுகிறது. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட, டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாய், தன்னைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடங்கியிருக்கிறார். அதை வைத்து நாலு கதை வந்தால் காசு கொடுத்து வாங்குவேன். விஞ்ஞானக் கதை எனக்கு ஒட்டவில்லை, குறை என்னுடையதாகத்தான் இருக்கும்.

ஒருமுறை நூலகத்தில் எடுத்த துப்பறியும் நாவலில், பதினெட்டாம் பக்கத்தில் ஒரு பாத்திரத்தின் பெயரைச் சுழித்து, 'இவன்தான்' என்று பென்சிலால் எழுதியிருந்தது. எவனோ முடிவைப் போட்டு உடைத்துவிட்டானே என்று வைதுகொண்டேதான் படித்தேன். முடிவில் பார்த்தால் அவன் இல்லை! எனக்கு முன்னால் படித்த யாரோ தன் ஊகத்தை எழுதிவைத்திருக்கிறார். அப்புறம் கடைசிப் பக்கத்தில் அதே பென்சிலில், 'ஏமாந்தேன்'. அவரைப் பார்த்தால் ஒரு சாயா வாங்கிக் கொடுக்க வேண்டும்.

என் மனைவிக்குக் குடும்ப நாவல்தான். என்னுடையதில் ஒன்றைக் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, "செத்தவனுக்காவ ஒருத்தரும் அழல்லியே, இது என்ன கதையாக்கும்?" என்றாள். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த சிறப்பிதழில் எல்லாவற்றுக்கும் 'திகில்' என்று ஒரே முத்திரை குத்தாமல், பேய்க்கதை, துப்பறியும் கதை என்று பொருளடக்கத்தில் பிரித்துப் போடுங்கள். நான் சொன்ன அந்த முதல் கதையின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. முடிவைச் சொல்லிவிட்டேனே, இன்னும் படிக்காதவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.