தடுக்கி விழுந்தது நாலு வரிச் செய்தி, அன்றைக்கு நடந்த கூட்டம்தான் பெரிய செய்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் இணையதளத்தில் தலைவர்கள் தடுக்கி விழுந்த காட்சிகளையெல்லாம் வெட்டி ஒட்டி ஒரு வீடியோ தொகுப்பு போட்டிருந்தீர்கள். அமெரிக்க அதிபர்கள் இருந்தார்கள், நம் பிரதமர் கான்பூர் படித்துறையில் விழுந்ததும் இருந்தது. பின்னணியில் சிரிப்புச் சத்தம் வேறு. பல வருடங்களாக உங்கள் பத்திரிகையை வாங்கிப் படிக்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன், அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் பிரதமர் மோடியின் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவன் இல்லை, அவருடைய பல முடிவுகளை எதிர்க்கிறவன். அதனால்தான் இந்தக் கோபமே.

அந்தக் கான்பூர் வீடியோவை எடுத்துக்கொள்வோம். 2019 டிசம்பர் 14, சனிக்கிழமை. பிரதமர் படகில் கங்கையைப் பார்த்துவிட்டு வந்து, அடல் படித்துறையில் ஏறும்போது கால் தடுக்கிக் கைகளை ஊன்றி விழுகிறார், பாதுகாப்புப் படையினர் உடனே தூக்கி நிறுத்துகிறார்கள், அடி ஒன்றும் இல்லை, நடந்து போய்விடுகிறார். சில விநாடிகள்தான். ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து டி.வி.யிலும் வாட்ஸ்அப்பிலும் அது திரும்பத் திரும்ப ஓடியது. எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் சிரித்தார்கள், ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் பதிலுக்கு மற்றவர்கள் விழுந்த பழைய படங்களைத் தேடி எடுத்துப் போட்டார்கள். அது குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறிய வாரம் என்பதை மறந்துவிடாதீர்கள். அதை எதிர்த்த போராட்டங்களின்போது குவாஹாட்டியில் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயிருந்தன, அசாமில் இணையம் துண்டிக்கப்பட்டிருந்தது.

சரி, அவர் கான்பூருக்கு எதற்குப் போனார்? அந்த வீடியோவைப் பார்த்த பத்துப் பேரிடம் கேளுங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று பாருங்கள். தேசிய கங்கை கவுன்சிலின் முதல் கூட்டம் அன்று அங்கே ஒரு வேளாண் பல்கலைக்கழகத்தில் நடந்தது. முதல் கூட்டம்! அந்தக் கவுன்சில் அமைக்கப்பட்டது 2016 அக்டோபரில். பிரதமரே தலைவர், கங்கை ஓடும் மாநிலங்களின் முதல்வர்கள் உறுப்பினர்கள், வருடத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்று அமைப்பு ஆணையிலேயே இருக்கிறது. அப்படியிருக்க முதல் முறை கூடுவதற்கே 3 வருடங்களுக்கு மேல் ஆனது. 2015-லிருந்து 2020 வரை 20,000 கோடி ரூபாய் என்று ஒதுக்கப்பட்ட கங்கைத் திட்டத்தில், அன்றைக்கு அரசே வெளியிட்ட குறிப்பின்படி செலவாகியிருந்தது 7,700 கோடி. ஐந்து வருடத் திட்டத்தின் கடைசிக் காலம் அது. மேற்கு வங்கத்திலிருந்து யாரும் வரவில்லை, ஜார்க்கண்டில் தேர்தல் என்பதால் அவர்களும் இல்லை. கடலில் சேரும் முன் அந்த நதி ஓடும் கடைசி மாநிலம் வராமல் நடந்த கூட்டம் அது. பிரதமரிடம் கேட்பதற்கு இதைவிடக் கடினமான கேள்விகள் வேறு என்ன வேண்டும்? ஏன் இவ்வளவு தாமதம், மீதிப் பணம் எங்கே நிற்கிறது, அடுத்த கூட்டம் எப்போது, இதையெல்லாம் யாரும் உரக்கக் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது கூட்டம் 2022 டிசம்பர் 30-ல்தான் நடந்தது. மறுபடியும் 3 வருடம். கொரோனா இருந்தது என்பார்கள், இருந்தது, ஆனால் காணொலியில் கூடுவதற்கு என்ன தடை? அந்த இரண்டாவது கூட்டத்துக்கே பிரதமர் காணொலியில்தான் தலைமை வகித்தார்.

நான் ஆம்பூர்க்காரன். கான்பூர் என்றால் எங்களுக்கு வேறு ஊர் மாதிரியே தோன்றாது. அங்கே ஜாஜ்மாவ், இங்கே ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. அங்கே கங்கை, இங்கே பாலாறு. இரண்டு பக்கமும் தோல் பதனிடும் டேனரிகள், இரண்டு பக்கமும் அவற்றின் கழிவில் வரும் குரோமியம், இரண்டு பக்கமும் அந்த வேலையை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள். கான்பூர் டேனரிகள் மீது உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1987-ல், எங்கள் பகுதி டேனரிகள் மீது 1996-ல். அந்த 1996 தீர்ப்பில்தான் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அழுத்தமாகச் சொன்னார்கள். ஆகவே கங்கைக்காகப் பிரதமர் தலைமையில் ஒரு கூட்டம் நடக்கிறது என்றால் எங்கள் ஊரில் அதைக் காது கொடுத்துக் கேட்க ஆள் உண்டு. அங்கே எடுக்கிற முடிவு நாளைக்கு இங்கேயும் வரும். கான்பூர் அருகே ரனியாவில் 1976-லிருந்து குவிந்து கிடந்த குரோமியக் கழிவுக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரப் பிரதேச அரசுக்கு 10 கோடி ரூபாய் அபராதம் விதித்தது 2019 நவம்பரில், அதாவது அந்தப் படித்துறைச் சம்பவத்துக்கு முந்தைய மாதம்தான். எங்கள் ராணிப்பேட்டையிலும் மூடிப்போன ஒரு குரோமேட் ஆலையின் கழிவு மலை மாதிரிக் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதை உங்களுக்குத் தெரியும். அப்புறம், 2019 கும்பமேளாவுக்காக முந்தின வருடக் கடைசியில் மூடச் சொன்ன கான்பூர் டேனரிகள் மேளா முடிந்தும் மாதக்கணக்கில் திறக்கப்படாமல் இருந்தன, தொழிலாளிகள் கூலி இல்லாமல் நின்றார்கள். ஆறும் பிழைக்க வேண்டும், ஆளும் பிழைக்க வேண்டும், அதற்கு வழி என்ன என்பதுதான் அன்றைய கேள்வி. படகில் போன பிரதமர் பார்த்தது சிசாமாவ் ஓடை அடைக்கப்பட்ட இடத்தை. ஒரு நாளைக்குச் சுமார் 14 கோடி லிட்டர் சாக்கடையைக் கங்கையில் கொட்டிக்கொண்டிருந்த ஓடை அது. அதைத் திருப்பிவிட்டது உண்மையிலேயே நல்ல வேலை, பாராட்ட வேண்டிய வேலை. திருப்பிவிட்ட தண்ணீர் முழுவதையும் சுத்திகரிப்பு நிலையம் சரியாகச் சுத்தம் செய்கிறதா என்று போய்ப் பார்ப்பது ஒரு நிருபர் செய்ய வேண்டிய வேலை. பாராட்டும் வரவில்லை, சோதனையும் நடக்கவில்லை. வீடியோ மட்டும் வந்தது.

அந்தப் படியைப் பற்றியே ஒரு செய்தி இருந்தது, அதையும் முறையாக யாரும் எழுதவில்லை. விழுந்த சில நாட்களில் அதிகாரிகள் சொன்னார்கள், அங்கே ஒரு படி மட்டும் மற்றவற்றோடு ஒப்பிட்டால் உயரம் மாறியிருக்கிறது, முன்பும் பலர் அதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள், இடித்துக் கட்டப் போகிறோம் என்று. பொதுமக்கள் நடக்கிற படித்துறையைக் கோணலாகக் கட்டியவர் யார், பலர் விழுந்தும் ஏன் சரிசெய்யவில்லை, பிரதமர் விழுந்தால்தான் படி சரியாகுமா? வயதானவர்களும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்களும் அதே படியில்தான் இறங்கியிருப்பார்கள். இது செய்தி. இதை எழுதியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

உங்கள் தொகுப்பில் இருந்த மற்றவர்களையும் பார்ப்போம். ஜெரால்ட் ஃபோர்டு 1975 ஜூன் 1-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் விமானப் படியில் வழுக்கி விழுந்தார். மழை, ஒரு கையில் குடை, இன்னொரு கையில் மனைவியைப் பிடித்திருந்தார். பல்கலைக்கழகக் காலத்தில் மிச்சிகன் அணியில் ஃபுட்பால் ஆடிய விளையாட்டு வீரர் அவர். அந்த ஒரு வழுக்கலுக்குப் பிறகு கால் நிலைக்காத மனிதர் என்ற பெயர் கடைசிவரை அவரை விடவில்லை. அவர் அங்கே போனது எகிப்து அதிபர் அன்வர் சதாத்தைச் சந்திக்க. நாலு நாள் கழித்து ஜூன் 5-ல், 1967 போரிலிருந்து மூடிக் கிடந்த சூயஸ் கால்வாயை எகிப்து திறந்தது, செப்டம்பரில் எகிப்தும் இஸ்ரேலும் சினாய் ஒப்பந்தம் போட்டன. அந்தச் சந்திப்பை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்? 2023-ல் பைடன் கொலராடோவில் விமானப்படை அகாதமி மேடையில் மணல் மூட்டை தடுக்கி விழுந்ததும் ஒரு ஜூன் 1-தான். அதே நாள் இரவு அமெரிக்க அரசு கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போய்விடும் என்ற நிலையைத் தவிர்க்கும் சட்டம் செனட்டில் நிறைவேறியது. அது தவறியிருந்தால் உலகச் சந்தை முழுக்க ஆடியிருக்கும், ஆம்பூரிலிருந்து ஷூ ஏற்றுமதி செய்கிறவர்கள் வரை பாதிக்கப்பட்டிருப்பார்கள். நம் ஊரில் அன்றும் மறுநாளும் பரவியது மணல் மூட்டைதான். பைடனின் வயதும் உடல்நிலையும் வாக்காளர்கள் கேட்க வேண்டிய விஷயம் என்பதை நான் மறுக்கவில்லை. அதை மருத்துவ அறிக்கையை வைத்து, அவர் வேலை செய்கிற விதத்தை வைத்துக் கேட்க வேண்டும். மணல் மூட்டை தடுக்கினால் இருபது வயதுப் பையனும் விழுவான்.

தலைவர்களுக்கு நேர்கிற விபத்தையே எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. 2006 பிப்ரவரியில் அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி டெக்சாஸில் காடை வேட்டையாடும்போது தன்னோடு வந்த 78 வயது நண்பரைத் தவறுதலாகச் சுட்டுவிட்டார். செய்தி வெளியே வந்தது மறுநாள்தான், அதுவும் பண்ணை உரிமையாளர் ஓர் உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சொன்னதால். அதை நோண்டியது சரி. ஒரு மனிதர் குண்டடி பட்டிருக்கிறார், அதிகாரத்தில் இருப்பவர் உடனே வாய் திறக்கவில்லை. 2021 மார்ச்சில் நந்திகிராமில் மம்தா பானர்ஜி காலில் அடிபட்டபோது, தன்னைத் தள்ளிவிட்டார்கள் என்று அவரே குற்றம் சாட்டினார், தேர்தல் நேரம், ஆகவே தேர்தல் ஆணையம்வரை போன விவகாரம். அதையும் எழுதத்தான் வேண்டும். நம் ஊரிலேயே 2016-ல் முதல்வர் ஜெயலலிதா 75 நாள் மருத்துவமனையில் இருந்தபோது மக்களுக்கு உண்மையான தகவல் தேவைப்பட்டது, அப்போது நமக்குக் கிடைத்தது அறிக்கைகளும் வதந்திகளும்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் கேள்வி எழும்பவில்லை, கேட்க ஒன்றுமே இல்லாத இடத்தில் இருபத்துநாலு மணி நேரமும் காட்டுகிறோம். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

விஜயகாந்த்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. 2011-லிருந்து 2016 வரை எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர். அவர் சட்டமன்றத்தில் என்ன பேசினார், கட்சி எப்படிக் கரைந்தது, கூட்டணி முடிவுகள் சரியா தவறா என்றெல்லாம் கடுமையாக விமர்சிக்கலாம், விமர்சித்தார்கள், அது நியாயம். ஆனால் பேச்சு குளறியதையும் நடை தடுமாறியதையும் வெட்டி எடுத்து, பாட்டுப் போட்டு, வருடக்கணக்கில் ஓட்டினோமே, அது உடம்பு முடியாத ஒரு மனிதரின் நிலை. 2023 டிசம்பர் 28-ல் அவர் இறந்த அன்று அதே சேனல்கள் நாள் முழுக்க அவருடைய நல்ல மனதைப் பற்றிப் பேசின, கேலி செய்த பலர் மன்னிப்புக் கேட்டுப் பதிவு போட்டார்கள். உயிரோடு இருக்கும்போது அவர் வீட்டில் அந்த மீம்களைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? மு.க.ஸ்டாலின் பழமொழியை மாற்றிச் சொல்லிவிட்டார் என்று எத்தனை மாதம் ஓட்டினார்கள், அந்தக் கூட்டங்களில் அவர் சொன்ன வாக்குறுதிகளை அதில் கால்வாசி அளவுக்காவது யாராவது குறித்து வைத்தார்களா? எந்தக் கட்சியும் இதில் மற்றதற்குச் சளைத்தது இல்லை.

மக்கள் அதைத்தானே பார்க்கிறார்கள் என்று நீங்கள் பதில் சொல்லலாம். பார்க்கிறோம்தான். ஒருவர் விழுந்தால் கண் போகும், அது இயல்பு. ஒரு முறை பார்க்கிறோம், அடிபட்டதா என்று தெரிந்துகொள்கிறோம், முடிந்தது. அதை நாற்பதாவது முறை முகப்பில் வைப்பது எங்கள் முடிவு அல்ல, உங்கள் அறையில் யாரோ எடுக்கிற முடிவு. கங்கைக் கூட்டத்தைச் சுவையாக எழுத முடியாது என்றும் சொல்லாதீர்கள். மாசுபட்ட பாலாற்றைப் பற்றி உங்கள் பத்திரிகையே முன்பு எழுதியபோது எங்கள் தெருவில் அந்தப் பக்கத்தைக் கை மாற்றிக் கை மாற்றிப் படித்தோம்.

என் கோரிக்கை இதுதான். அந்தத் தொகுப்பு வீடியோவை எடுத்துவிடுங்கள், குறைந்தபட்சம் அந்தச் சிரிப்புச் சத்தத்தையாவது எடுங்கள். இனிமேல் எந்தக் கட்சித் தலைவர் தடுக்கி விழுந்தாலும், அடி பட்டதா இல்லையா என்று நாலு வரி போடுங்கள், அந்தச் செய்தியிலேயே அவர் அங்கே எதற்கு வந்தார், அந்த நிகழ்ச்சியில் என்ன முடிவானது என்று மீதியை எழுதுங்கள். அப்புறம் கங்கை கவுன்சில் 2022 டிசம்பருக்குப் பிறகு எத்தனை முறை கூடியது, என்ன முடிவெடுத்தது என்று டெல்லியில் உள்ள உங்கள் நிருபரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். கையோடு பாலாற்றுக்கும் கேளுங்கள், 1996 தீர்ப்புப்படி பாதிக்கப்பட்ட விவசாயிகளில் இழப்பீடு வந்தவர்கள் எத்தனை பேர், வராதவர்கள் எத்தனை பேர் என்று. ஆம்பூருக்கு நிருபரை அனுப்பினால் ஆற்றங்கரை ஊர்களுக்கு நானே கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஆம்பூர்.