ராமுழுவதும் நடந்தவர்கள்: ஒரு தம்பிக்குக் கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

ஸ்தோத்திரம். வாலிபர் கூட்டத்தில் கீலேயாத்திலுள்ள யாபேஸ் ஊராரைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருப்பதாகவும், ஒரு கேள்வி மட்டும் உன்னை உறுத்திக்கொண்டே இருப்பதாகவும் எழுதியிருந்தாய். கர்த்தரே புறக்கணித்துவிட்ட, இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் உடலுக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களை எப்படி மெச்சுவது, அது கண்மூடித்தனமான தலைவன் பக்தி ஆகாதா என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். ஆனால் 1 சாமுவேல் 31ஆம் அதிகாரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் தேட முடியாது. 20 அதிகாரங்கள் பின்னே போக வேண்டும்.

அம்மோனியனாகிய நாகாஸ் யாபேசை முற்றுகையிட்டபோது, அடங்கி நடக்கிறோம், எங்களோடு உடன்படிக்கை செய்யும் என்றுதான் ஊரார் முதலில் கேட்டார்கள். அவனோ உங்கள் ஒவ்வொருவனுடைய வலது கண்ணையும் பிடுங்குவேன், இஸ்ரவேல் முழுவதற்கும் அது நிந்தையாக இருக்கட்டும் என்றான். இடது கண்ணைக் கேடயம் மறைத்துவிடுவதால், வலது கண் போனவன் பின்பு எந்தப் போருக்கும் உதவமாட்டான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் இதற்கு விளக்கம் தருகிறார். மூப்பர்கள் ஏழு நாள் தவணை வாங்கித் தூதரை அனுப்பினார்கள். செய்தி கேட்ட, சவுலின் ஊராகிய கிபியாவின் ஜனங்கள் ஓலமிட்டு அழுதார்கள். அந்நேரத்தில் வயலிலிருந்து மாடுகளின் பின்னே வந்துகொண்டிருந்த சவுல், ஜனங்கள் ஏன் அழுகிறார்கள் என்று விசாரித்து, ஓர் ஏர் மாட்டைத் துண்டித்து அத்துண்டுகளைத் தேசமெங்கும் அனுப்பி, பேசேக்கில் படையைத் திரட்டி, நாளை வெயில் ஏறுகையில் உங்களுக்கு விடுதலை என்று யாபேசுக்குச் சொல்லியனுப்பினான்; சொன்னபடியே விடியற்கால ஜாமத்தில் அம்மோனியரின் பாளயத்துக்குள் புகுந்தான். வெற்றிக்குப் பிறகு, முன்பு அவனை ராஜாவாக ஏற்க மறுத்தவர்களைக் கொல்லவேண்டும் என்று ஜனங்கள் கொதித்தபோது, இன்று ஒருவனும் சாகக்கூடாது என்று தடுத்தவனும் அவன்தான். சவுலின் வாழ்நாளில் இதைவிடச் சிறந்த நாள் வேறொன்று இல்லை என்பது என் எண்ணம். யாபேஸ் அறிந்த சவுல் அந்த நாளின் சவுல்.

இதற்கும் முந்திய உறவு ஒன்று உண்டு. நியாயாதிபதிகள் 21ஆம் அதிகாரத்தில் பென்யமீன் கோத்திரம் ஏறக்குறைய அழிந்து 600 ஆண்கள் மட்டும் மிஞ்சியபோது, அவர்களுக்கு மனைவிகளாகக் கொடுக்கப்பட்ட 400 கன்னிப்பெண்கள் யாபேசிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள். அது இரத்தம் தோய்ந்த கதை. கூட்டத்தில் அதற்குள் இறங்காதே. பென்யமீனனான சவுலின் வம்சத்திலும் யாபேசின் இரத்தம் ஓடியிருக்கலாம் என்று மட்டும் நினைத்துக்கொள்.

இனி, சவுல் பெலிஸ்தரோடு கடைசியாகப் போரிட்ட கில்போவா மலைக்கு வருவோம். வில்வீரரால் காயம்பட்ட சவுல் தன் பட்டயத்தின்மேல் விழுந்து செத்தான். யோனத்தான், அபினதாப், மல்கிசூவா என்னும் மூன்று குமாரரும் அதே போரில் மடிந்தார்கள். பள்ளத்தாக்குக்கு அப்புறத்திலும் யோர்தானுக்கு இப்புறத்திலும் இருந்த இஸ்ரவேலர் தங்கள் ஊர்களை விட்டு ஓடிப்போனார்கள். மறுநாள் வந்த பெலிஸ்தர் சவுலின் தலையை வெட்டி, ஆயுதங்களை அஸ்தரோத் கோயிலில் வைத்து, அவன் உடலையும் குமாரரின் உடல்களையும் பெத்சானின் மதிலில் தொங்கவிட்டார்கள். யெஸ்ரயேல் பள்ளத்தாக்கு யோர்தான் பள்ளத்தாக்கோடு சேரும் இடத்தில், போக்குவரத்துப் பாதையின் மேல் இருந்த ஊர் அது. எகிப்தியர் நெடுங்காலம் அங்கே காவற்படை வைத்திருந்ததை 1921 முதல் 1933 வரை நடந்த அகழாய்வு வெளிக்கொணர்ந்தது. அப்படிப்பட்ட மதிலில் ஒரு ராஜாவின் தலையில்லா உடலைத் தொங்கவிட்டால், வழிப்போக்கர் எல்லாரும் அதைப் பார்த்து ஊர் ஊராய்ச் சொல்லுவார்கள். பெலிஸ்தருக்கு வேண்டியதும் அதுதான்.

யாபேஸ் யோர்தானுக்குக் கிழக்கே, நெடுங்காலம் வாடி யாபிஸ் என்று அழைக்கப்பட்ட ஓடையை ஒட்டி இருந்ததாக ஆய்வாளர் கருதுகிறார்கள். பெத்சானுக்கு அங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை வசனத்தோடு சேர்த்து யோசித்துப் பார். பலசாலிகள் எல்லாரும் எழுந்து ராமுழுவதும் நடந்தார்கள் என்று வேதம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. மலையிலிருந்து இறங்கி, இருட்டில் யோர்தானைக் கடந்து, எதிரி குடியேறிவிட்ட ஊரின் மதிலிலிருந்து சத்தம் எழாமல் நான்கு உடல்களை இறக்கி, நாட்கணக்கில் தொங்கி அழுகத் தொடங்கியிருக்கக்கூடிய அவற்றைச் சுமந்து, மறுபடியும் ஆற்றைக் கடந்து மேடேற வேண்டும். ஓர் ஆள் இருமினாலும் எல்லாரும் தொலைந்தார்கள். இஸ்ரவேலில் பிணத்தை எரிக்கும் வழக்கம் இல்லாதிருந்தும் அவர்கள் உடல்களை எரித்து, எலும்புகளை மரத்தடியில் புதைத்தார்கள். உடல்கள் மறுபடியும் எதிரியின் கையில் சிக்காதபடி அப்படிச் செய்திருப்பார்கள் என்று நான் எண்ணுகிறேன். பிறகு ஏழு நாள் உபவாசம்பண்ணினார்கள். நாகாசிடம் வாங்கிய தவணையும் ஏழு நாள்தான் என்பது அந்த ஊரில் யாருக்கும் மறந்திருக்காது.

சவுல் 40 வருஷம் ஆண்டான் என்று அப்போஸ்தலர் 13:21 சொல்லுகிறது. அப்படியானால் அன்றிரவு நடந்த பலசாலிகளில் பெரும்பாலோர் முற்றுகையின்போது பிறந்தே இருக்கமாட்டார்கள். சவுல் அவர்களுக்கு நேரில் எதுவும் செய்ததில்லை. ஆனால் இரண்டு கண்களோடு இருந்த தகப்பன்மாரைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நோப் என்னும் ஊரில் 85 ஆசாரியரைக் கொல்லச் சொன்னவன் சவுல். அமலேக்கியர் காரியத்தில் கர்த்தருக்குக் கீழ்ப்படியாதவன். எந்தோரில், செத்தவர்களை எழுப்பிக் குறிசொல்லும் அஞ்சனக்காரியின் வாசலில் போய் நின்றவன். இவற்றில் எதையும் யாபேஸ் ஊரார் சரியென்று வாதாடியதாக வேதத்தில் ஒரு வரியும் இல்லை. அவன் ஆட்சி முழுவதற்கும் தீர்ப்பெழுத அவர்கள் உட்காரவில்லை. பட்ட கடன் ஒன்றைத் தீர்த்தார்கள், அதுவும் கடன் கொடுத்தவன் வந்து கேட்கவோ கைம்மாறு செய்யவோ முடியாத நிலையில். தலைவன் பக்தி என்று நீ சொல்லுவது, ஆள் உயிரோடு பதவியில் இருக்கும்போது அவன் செய்வதற்கெல்லாம் தலையாட்டுவது. இவர்கள் எழுந்ததோ, அவனால் இனி எந்த ஆதாயமும் இல்லை என்று ஆன பிறகு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதே.

சவுலால் வேட்டையாடப்பட்ட தாவீதே இவர்களை ஆசீர்வதித்தான் என்பதைக் கட்டாயம் சொல். சவுலைக் கொன்றேன் என்று கிரீடத்தையும் கடகத்தையும் கொண்டுவந்த அமலேக்கியனுக்கு அவனிடம் கிடைத்தது மரணம். யாபேசுக்குக் கிடைத்தது, நீங்கள் கர்த்தரால் ஆசீர்வதிக்கப்படுவீர்களாக என்ற வாழ்த்து. அதே செய்தியில், உங்கள் ஆண்டவன் இறந்துபோனார், யூதா வம்சத்தார் என்னை ராஜாவாக அபிஷேகம்பண்ணினார்கள் என்றும் அவன் சேர்த்துக்கொண்டதைக் கவனித்தாயா? கீலேயாத்தைச் சவுலின் படைத்தலைவன் அப்னேர், சவுலின் குமாரன் இஸ்போசேத்தின் பக்கம் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. தாவீதின் வாழ்த்தில் அரசியலும் கலந்திருந்தது என்று சொல்லத் தயங்காதே. வாலிபர்கள் அதைப் புரிந்துகொள்வார்கள். யாபேஸ் என்ன பதில் அனுப்பியது என்பதை வேதம் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு யோசனை. 31ஆம் அதிகாரத்துக்கு முன் 11ஆம் அதிகாரத்தை யாரையாவது உரக்க வாசிக்கச் சொல். 2 சாமுவேல் 21ஐயும் விட்டுவிடாதே. அங்கேதான் சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாள் கன்மலையின்மேல் இரட்டுத் துணியை விரித்து, அறுப்புக் காலம் தொடங்கியதிலிருந்து மழை பெய்யும்வரை, கொல்லப்பட்ட பிள்ளைகளின் உடல்களைப் பறவைகளும் மிருகங்களும் அணுகாதபடி காத்தாள். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் தாவீது யாபேசுக்குப் போய் சவுல், யோனத்தான் இருவரின் எலும்புகளை வாங்கி, பென்யமீன் தேசத்தில் சவுலின் தகப்பன் கீசின் கல்லறையில் அடக்கம்பண்ணுவித்தான். யாபேசாரின் வேலை அங்கேதான் முடிகிறது. நேரம் போதாது என்று தோன்றினால் பாட்டுகளில் ஒன்றைக் குறைத்துக்கொள், ரிஸ்பாளைக் குறைக்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்